கோடையைப் புதைத்து வைத்த தெரு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகருக்குத் தெற்கே ஓக்கோடோக்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும் ஊர். அங்கே டிரேக் லேண்டிங் என்ற குடியிருப்பில் 52 வீடுகள். 2007 தொடங்கி பதினேழு குளிர்காலங்கள் அந்த வீடுகளின் கதகதப்பில் பெரும்பங்கு முந்தைய கோடையின் வெயிலிலிருந்து வந்தது. ஜூலையில் அடித்த வெயிலை ஒரு சின்னப் பூங்காவுக்கு அடியில் மண்ணுக்குள் போட்டு வைத்து, ஜனவரியில் எடுத்துச் செலவழித்தார்கள். 2024-ல் அதை நிறுத்த முடிவானது. வீட்டுக்கு ஒன்று என்று எரிவாயு உலைகளுக்கு மாறினார்கள்.

இந்தச் செய்தியை நான் படித்தது ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு. அன்றைக்குத்தான் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய மென்பொருளை நிறுத்துவது பற்றி மூன்று மணி நேரம் பேசி முடித்திருந்தோம். பன்னிரண்டு வருடமாக ஒழுங்காக ஓடிய மென்பொருள். அதில் பெரிய பிழை எதுவும் கிடையாது. அது நம்பியிருந்த இன்னொரு மென்பொருளுக்கு அதை எழுதியவர்கள் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் வேலை மாறிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் காரணம். அந்த மனநிலையில் இருந்ததால், ஓக்கோடோக்ஸ் செய்தியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி இது: அங்கே எது பழுதானது? மண்ணா, மனுஷங்களா?

பதிலைத் தேடிப் போனதில் 240 வருடக் கதை ஒன்று கிடைத்தது.

*

மார்கழிக் காலையில் கிணற்றடியில் குளித்தவர்களுக்குத் தெரியும், இறைத்த தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். ஏன் என்று கேட்டால் எங்கள் அப்பத்தா, “வெயிலெல்லாம் உள்ள போய்ப் படுத்திருக்குல்ல, அதான்” என்பார். ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் அதை மறுத்தார். கிணற்று நீர் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கிறது, வெளியே காற்று குளிர்ந்துவிட்டதால் நம்ம தோல் ஏமாறுது, அவ்வளவுதான்டா என்றார். நான் ஆசிரியர் பக்கம் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை உண்டு என்று தெரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

ஆசிரியர் சொன்னதை முறையாக அளந்து பார்த்தவர்கள் பாரிஸ்காரர்கள். பாரிஸ் வானாய்வகத்துக்கு அடியில் 28 மீட்டர் ஆழத்தில் கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. வேதியியலின் பெரிய பெயர்களில் ஒருவரான லவாய்சியர் செய்துகொடுத்த நுட்பமான வெப்பமானி ஒன்றை 1783-ல் அங்கே வைத்தார்கள். மேலே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் கீழே பாதரசம் 12 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக, ஒரே இடத்தில் நின்றது. 1794-ல் புரட்சி அரசு லவாய்சியரின் தலையைச் சீவியது. அதற்குப் பிறகும் அந்த வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது அதே எண்ணைத்தான் காட்டியது.

ஏன் மாறவே இல்லை? இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜோசப் ஃபூரியே. 1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போய் வந்தவர். அதன்பின் கிரெனோபிளில், நம்ம ஊர் மாவட்ட ஆட்சியர் மாதிரி ஒரு பதவியில் இருந்தார். எகிப்திலிருந்து திரும்பிய பிறகு அவருக்கு எப்போதும் குளிரிக்கொண்டே இருந்ததாகவும், அறையைச் சூடாக்கி வைத்துக்கொண்டு கனத்த உடைகளோடு உட்கார்ந்திருப்பார் என்றும் சொல்வார்கள். ஆட்சியர் வேலைக்கு நடுவே வெப்பம் பொருட்களுக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து, 1807-ல் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். பெரிய கணித மேதையான லக்ராஞ்ச் அதன் முறையை ஏற்கவில்லை. இழுபறியாகி, 1822-ல்தான் அது முழுப் புத்தகமாக வந்தது. அதில் அவர் கையிலெடுத்த கேள்விகளில் ஒன்று, மண்ணுக்குள் பருவங்கள் எப்படி இறங்குகின்றன என்பது.

வருடாந்திர வெயிலும் குளிரும் மண்ணுக்குள் ஓர் அலை மாதிரி இறங்குகின்றன. இறங்க இறங்க அலையின் உயரம் குறைகிறது, கூடவே நேரமும் தாமதமாகிறது. சாதாரண மண்ணில் சுமார் மூன்று மீட்டர் இறங்கினால் அலையின் உயரம் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகச் சுருங்கிவிடும்; சேதி இரண்டு மாதம் தாமதமாக வந்து சேரும். ஒன்பது மீட்டர் வாக்கில் தாமதம் ஆறு மாதம். மேலே பனிக்காலம் நடக்கும்போது அங்கே கோடையின் உச்சம். ஆனால் அந்தக் கோடையின் உயரம், மேலே இருந்ததில் நூற்றுக்கு நான்கு பங்குதான். வெயில் உள்ளே போய்ப் படுக்கிறது என்ற வகையில் அப்பத்தா சொன்னது சரி. படுத்திருக்கும் வெயில் தோலுக்குத் தெரியாத அளவு சின்னது என்ற வகையில் ஆசிரியர் சொன்னது சரி. 28 மீட்டரில் அதுவும் தேய்ந்து காணாமல் போகிறது.

இதே சமன்பாட்டை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். ஹீட் டிரான்ஸ்ஃபர் பரீட்சைக்கு டேட்டா புக் கொண்டுபோகலாம். அதில் ‘செமி இன்ஃபினிட் சாலிட்’ என்று ஒரு பகுதி, கூடவே ஓர் அட்டவணை. ஒரு பக்கம் மட்டும் முகம் உண்டு, மறுபக்கம் முடிவே இல்லாத திடப்பொருள். அது நம்ம காலுக்குக் கீழே இருக்கிற பூமிதான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 16 மார்க் கேள்வி, எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

*

ஃபூரியே காகிதத்தில் சொன்னதை மண்ணில் பார்த்தவர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். எடின்பரோவில் 1837-ல் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்: ஓரிடத்தில் எரிமலைப் பாறை, ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் மணற்கல். ஒவ்வொன்றிலும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்தார். குமிழ் அடியில் இருக்க, குழாய் மட்டும் நீண்டு தரைக்கு மேலே வந்து அளவைக் காட்டும். வாரம் தவறாமல் குறித்தார்கள். 24 அடி ஆழத்தில், மேலே கோடை முடிந்து பல மாதங்கள் கழித்தே உச்சம் வந்தது. எவ்வளவு தாமதம் என்பது மண்ணுக்கு மண் மாறியது.

இந்த எண்களை எடுத்துக்கொண்டவர் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. பாறை எவ்வளவு மெதுவாக வெப்பத்தைக் கடத்துகிறது என்று தெரிந்தால், உருகிய நிலையிலிருந்து பூமி இப்போதைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணக்கிடலாம் இல்லையா? 1862-ல் கணக்கிட்டார். பூமியின் வயது 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்ட வருடங்கள் என்றார். டார்வினைச் சங்கடப்படுத்திய எண் அது. பின்னால் தவறு என்று ஆனது. சமன்பாட்டில் குற்றமில்லை, பூமியின் உள்ளே பாறையே மெல்ல நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து வருகிறது என்பதும், கதிரியக்கம் உள்ளே வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதும் அவர் கணக்கில் இல்லை.

அதே தாம்சன் அதற்குப் பத்து வருடம் முன்பு, 1852-ல், இன்னொரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தார். வெப்ப எஞ்சினைத் திருப்பி ஓட்டினால் குறைந்த வேலையைச் செலவழித்து அதிக வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தலாம், ஒரே இயந்திரத்தால் கட்டடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியும் என்பது அதன் சாரம். இன்று நாம் வெப்ப பம்ப் என்று சொல்வது அதைத்தான். மண்ணின் கணக்கையும் பம்பின் யோசனையையும் ஒரே ஆள் கையில் வைத்திருந்தார். இரண்டையும் சேர்க்க வேண்டிய தேவை அன்றைக்கு இல்லை. நிலக்கரி மலிவு.

*

மண்ணில் வெயில் தானாக இறங்குவது வேறு, நாம் வேண்டுமென்று சேமிப்பது வேறு. நூற்றுக்கு நான்கு பங்கை வைத்துக்கொண்டு வீட்டைச் சூடாக்க முடியாது. வெப்பத்தை வலுவில் உள்ளே தள்ள வேண்டும், தள்ளியது ஆறு மாதம் தங்கவும் வேண்டும்.

1939-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஹாய்ட் ஹாட்டெல் தலைமையில் ஒரு சோதனை வீடு கட்டினார்கள். கூரையில் வெயில் வாங்கும் தட்டுகள். அடித்தளத்தில் சுமார் 65,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி. கோடையில் தொட்டியைச் சூடாக்கி, குளிர்காலத்தில் செலவழித்தார்கள். வேலை செய்தது. ஆனால் சின்ன வீட்டுக்கு அவ்வளவு பெரிய தொட்டி என்பது கட்டுப்படியாகாத விஷயம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

ஏன் கட்டுப்படியாகாது என்பதற்கு இயற்பியல் புத்தகம் வேண்டாம், கல்யாண வீட்டுக்குப் போனால் போதும். டம்ளரில் ஊற்றிய காப்பி பத்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது. காலையில் இறக்கி வைத்த சாம்பார் அண்டா கடைசிப் பந்தி வரை சுடுகிறது. பாத்திரம் பெரிதாகப் பெரிதாக அதற்குள் இருக்கும் வெப்பம், வெப்பம் கசியும் மேற்பரப்பைவிட வேகமாகக் கூடுகிறது. நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கசிவு நான்கு மடங்கு, சேமிப்பு எட்டு மடங்கு. ஒரு வீடு தனக்காக மட்டும் ஒரு கோடையைச் சேமிக்கப் பார்த்தால் அது டம்ளர் காப்பி. ஒரு தெரு சேர்ந்து சேமித்தால் அண்டா. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சூரியத் தகட்டை ஒருவர் தன் கூரையில் தனியாக வைத்துக்கொள்ளலாம். பருவம் விட்டுப் பருவம் வெப்பத்தைச் சேமிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும்.

பெரிய அளவில் இது முதலில் நடந்த இடங்களில் ஒன்று ஷாங்காய். அதுவும் வேறு ஒரு பிரச்சினையைச் சரிசெய்யப் போய் நடந்தது. அங்கிருந்த நெசவாலைகள் கோடையில் ஆலையைக் குளிர்விக்க நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தன. நகரம் இறங்க ஆரம்பித்தது. 1921-க்கும் 1965-க்கும் இடையில் சில இடங்களில் தரை இரண்டரை மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. இறங்குவதை நிறுத்த 1960-களில் குளிர்காலத்தில் தண்ணீரைத் திரும்பக் கிணறுகளுக்குள் செலுத்தினார்கள். கோடையில் அதே கிணற்றை இறைத்தபோது, உள்ளே போன பனிக்காலத் தண்ணீர் குளிர்ச்சி மாறாமல் வெளியே வந்தது. ஆலைகளுக்கு வேண்டியதும் அதுதானே. அதன்பின் குளிரைச் சேமிப்பதற்கென்றே குளிர்காலத்தில் தண்ணீர் செலுத்தினார்கள்.

இன்று இதே முறையில் முன்னே நிற்பது நெதர்லாந்து. உலகில் இருக்கும் இப்படிப்பட்ட நீர்த்தாங்கி அமைப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான். இரண்டு கிணறுகள்: ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று குளிர்ச்சி. கோடையில் குளிர்ந்த கிணற்றிலிருந்து இறைத்துக் கட்டடத்தைக் குளிர்வித்து, சூடேறிய நீரை மறு கிணற்றில் விடுவார்கள். குளிர்காலத்தில் திசை திரும்பும். வெப்ப பம்ப் கூடச் சேரும். ஸ்வீடனின் ஆர்லாண்டா விமான நிலையமும் 2009-லிருந்து பனியுகம் விட்டுப்போன ஒரு சரளை மேட்டுக்குள் இருக்கும் நீரை இப்படித்தான் பயன்படுத்துகிறது. கோடையில் முனையங்களைக் குளிர்விக்கிறார்கள். குளிர்காலத்தில் விமானங்கள் நிற்கும் தளத்தில் உறையும் பனியை உருக்கவும் அதே சேமிப்பு உதவுகிறது. ஆனால் கிணறுகள் நெருக்கமாகிவிட்டால் ஒருவருடைய குளிர்ச்சி இன்னொருவருடைய வெப்பத்தில் போய்க் கலந்துவிடும். அதனால் டச்சுக்காரர்களுக்கு அனுமதி, திட்டமிடல், வருடக் கணக்குகளில் வெப்பமும் குளிரும் சரிக்குச் சரியா என்ற தணிக்கை எல்லாம் தேவைப்பட்டன. பூமிக்கடியிலும் வரப்புத் தகராறு உண்டு.

*

நிலத்தடி நீர் ஓடாத இடங்களில் மண்ணையும் பாறையையுமே அண்டாவாக்க வேண்டும். துளை போட்டு, உள்ளே வளைந்து திரும்பும் குழாயை இறக்கி, அதில் சுடுநீரை ஓடவிடுவது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஸ்வீடன் இதில் தீவிரமாக இறங்கியது. லூலியோ நகரில் 1983-ல் பாறைக்குள் 120 துளைகள் போட்டுப் பெரிய சோதனை நடந்தது. அங்கே கோட்பாட்டு வேலை நடந்த முக்கியமான இடம் லுண்ட் பல்கலைக்கழகம். யோஹான் கிளேசான் என்ற கணித இயற்பியல்காரரும் அவரோடு பேர் எஸ்கில்சன், யோரன் ஹெல்ஸ்ட்ரோம் ஆகியோரும் ஃபூரியேவின் சமன்பாட்டைத் துளைகளின் கூட்டத்துக்குப் பொருத்தினார்கள். எஸ்கில்சனின் 1987 ஆய்வேட்டில் வரும் சார்புகளை இன்றும் துளை வடிவமைக்கும் மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன.

இதில் மென்பொருள்காரனாக என்னை அசைத்த விஷயம், கால அளவு. தனியாக ஒரு 100 மீட்டர் துளையிலிருந்து வெப்பத்தை எடுக்க ஆரம்பித்தால், சுற்றியுள்ள பாறை ஒரு நிலைக்கு வந்து அமைய ஆகும் காலம் முப்பது வருடத்துக்கும் மேல். நாங்கள் ஒரு நிரலைச் சோதிக்க இரண்டு நாள் அதிகம் கேட்டாலே மேலாளர் முகம் மாறும். சோதித்துப் பார்க்கவே ஒரு தலைமுறை ஆகும் பொருளுக்குக் கணிப்பொறிக்குள்தான் முதலில் வாழ்ந்து பார்க்க முடியும். ஹெல்ஸ்ட்ரோமின் மண் மாதிரியை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் வளர்ந்த டிரான்சிஸ் என்ற ஃபோர்ட்ரான் மென்பொருளோடு சேர்த்தார்கள். அதை வைத்துத்தான் டிரேக் லேண்டிங்கின் எதிர்காலத்தை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தார்கள்.

*

ஓக்கோடோக்ஸ் என்ற பெயர், பாறை என்று பொருள்படும் பிளாக்ஃபுட் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஊருக்கு வெளியே சமவெளியில் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பெரும் பாறை ஒன்று தனியாக நிற்கிறது. மலையிலிருந்து பனியாறு தூக்கிவந்து, உருகும்போது விட்டுவிட்டுப் போன பாறை. சுற்றுவட்டாரம் முழுக்க எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மாகாணம். வெயிலுக்கும் குறைவில்லை, குளிர்காலத்தில்கூட.

52 வீடுகளின் பின்புறம் வரிசையாகக் கார் கொட்டகைகள். அவற்றின் கூரைகளில் சுமார் 800 வெப்பத் தகடுகள். உறையாத திரவம் ஒன்று அவற்றுக்குள் ஓடி வெயிலை அள்ளிக்கொண்டு மையக் கட்டடத்துக்கு வரும். அங்கே தலா 120 கன மீட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகள். பகலில் கொட்டும் வெப்பத்தை மண் உடனே விழுங்காது, மண்ணுக்கு அவசரம் தெரியாது. அதனால் இடையில் இந்தத் தொட்டிகள். அங்கிருந்து வெப்பம் பூங்காவுக்கு அடியில் போகும். 35 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் 144 துளைகள், ஒவ்வொன்றும் சுமார் 37 மீட்டர் ஆழம். சேமிக்கும்போது சுடுநீர் நடுவிலிருந்து வெளியே ஓடும். எடுக்கும்போது வெளியிலிருந்து நடுவுக்கு. அதனால் நடு எப்போதும் சூடாக இருக்கும். கோடை முடிவில் நடுமண் 80 டிகிரி வரை போனது. மேலே வெப்பம் கசியாத படலம் ஒன்று, அதற்கு மேல் மண், அதற்கு மேல் புல்.

முதல் வருடம் வீடுகளைச் சூடாக்கத் தேவைப்பட்டதில் 55 சதவீதம்தான் வெயிலிலிருந்து வந்தது. மிச்சம் எரிவாயு. அண்டா குளிர்ந்திருக்கிறது, முதலில் அதைச் சூடாக்க வேண்டும். போட்டதில் பாதிக்கு மேல் மண்ணே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் வருடம் 60, மூன்றாம் வருடம் 80, நான்காம் வருடம் 86, ஐந்தாம் வருடம் 97. ஐந்தாம் வருடம் 90-ஐத் தொடும் என்றுதான் வடிவமைத்திருந்தார்கள். 2015-16 குளிர்காலத்தில் 100. வெளியே பனி மூடியிருக்க, எரிவாயு ஒரு துளிகூட எரிக்காமல் 52 வீடுகளின் அறைகள் சூடாக இருந்தன.

அந்த எண்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வருட முடிவில் 60 சதவீதத்தைப் பார்த்து யாராவது ‘சரிப்படாது’ என்று மூடியிருந்தால் 97 வந்திருக்காது. நான் வேலை பார்த்த இடங்களில் இரண்டு காலாண்டு இப்படி ஒரு வரைபடத்தைக் காட்டியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

*

இனி முதல் கேள்வி. எது பழுதானது?

மண் இல்லை. அது கடைசி வரை சொன்னபடி நடந்துகொண்டது. பழையதாகிப் போனது மற்றதெல்லாம்: தகடுகள், வீடுகளுக்குள் சூடான காற்றைத் தரும் கருவிகள். அந்தக் கருவிகள் சாதாரண உலைகளைவிடக் குறைந்த சூட்டுத் தண்ணீரில் ஓடும்படி இந்தத் திட்டத்துக்கென்று அமைந்தவை. கெட்டுப்போனால் மாற்று கிடைப்பது கடினமானது. உலகில் இந்த மாதிரி குடியிருப்புகள் நூறு இருந்திருந்தால் உதிரிபாகம் விற்க ஒரு கடை இருந்திருக்கும். இருந்தது ஒன்றுதான், வட அமெரிக்காவின் முதல் முயற்சி. பின்னால் வரிசை வரவில்லை. பக்கத்திலேயே எரிவாயு மலிவாகக் கிடைக்கும் ஊரில், 52 குடும்பங்கள் ஒரு பரிசோதனையை என்றென்றும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஜனவரியில், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில், வீட்டுக்குள் காற்று சூடாக வராவிட்டால் யாருக்கும் ஃபூரியே ஞாபகம் வரமாட்டார்.

டென்மார்க்கை இதோடு வைத்துப் பார்க்கிறேன். பிரேட்ஸ்ட்ரூப் என்ற சிற்றூரில் 2012-ல் 48 துளைகள், 45 மீட்டர் ஆழம், கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. வோயன்ஸில் மண்ணைத் தோண்டி 2 லட்சம் கன மீட்டர் சுடுநீர்க் குளமே வெட்டி மூடியிருக்கிறார்கள். ஆனால் அங்கே ஊர் முழுக்கச் சுடுநீர்க் குழாய் ஏற்கனவே ஓடுகிறது. அதை நடத்துவது பெரும்பாலும் வீட்டுக்காரர்களே உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவுகள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்த சட்டங்கள் அதைத் தாங்குகின்றன. ஒரு பம்ப் கெட்டால் அதைப் பார்க்கச் சம்பளம் வாங்கும் ஆள் உண்டு, அவர் ஓய்வு பெற்றால் இன்னொருவர் வருவார். வெப்பச் சேமிப்பு அங்கே ஏற்கனவே இருந்த ஓர் ஏற்பாட்டின் மேல் வைத்த இன்னொரு கல். டிரேக் லேண்டிங்கில் அந்தக் கல் தனியாக நின்றது, ஊருக்கு வெளியே நிற்கும் பாறை மாதிரி.

வெப்பத்தை ஆறு மாதம் வைத்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு 1822-லேயே விடை கிடைத்துவிட்டது. ஒரு தெருவை முப்பது வருடம் ஒரே ஏற்பாட்டில் சேர்த்து வைத்திருப்பது எப்படி என்பதற்குச் சமன்பாடு கிடையாது. அதைக் கூட்டுறவுச் சட்டங்களிலும், உதிரிபாகக் கிடங்குகளிலும், விட்டுப்போகிறவர் வருகிறவருக்கு எழுதி வைக்கும் குறிப்பேடுகளிலும்தான் தேட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் நிறுத்திய மென்பொருளுக்கும் அப்படி ஒரு குறிப்பேடு இருக்கவில்லை. அதை எழுதியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

அன்றிரவு படுக்கப் போகும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேட்டா புக் இல்லாமல், காகிதத்தில். 35 மீட்டர் விட்டமுள்ள சூடான மண், புதிதாக எதுவும் சேராமல் தானாக ஆறினால், அதன் சூடு மூன்றில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு நாள் ஆகும்? மண்ணின் ஈரத்தைப் பொறுத்து ஏறக்குறைய இரண்டு வருடம் வந்தது.

52 வீடுகளிலும் இப்போது 52 உலைகள், அவரவர் வெப்பம் அவரவருக்கு. பூங்காவின் புல்லுக்கு அடியில், குழாய் நின்றபின்னும், கடைசியாகச் சேமித்த கோடை எடுக்க ஆளில்லாமல் மெல்ல ஆறிக்கொண்டிருந்திருக்கும்.